நடுவில் சொருகிய மெட்டு

"பாட்டை மறந்துட்டானா இவன்? தபதப டூபிடூன்னு ஒளறுறான்!" என்றார் சவரிநாதன்.

"அது ஜாஸ் பாட்டுப்பா. வார்த்தையே இல்லாம கற்பனையா பாடுறது. நடுவுல வேற ஏதாவது மெட்ட சொருவுவாங்க. தெரிஞ்சவங்க ரசிப்பாங்க" என்று கெஞ்சினாள் ஜெயராணி.

மேடையில் பாடிக்கொண்டிருந்த கதிரவனைக் கட்டிக்கொள்ள அப்பாவின் சம்மதம் வேண்டித்தான் பெற்றோரைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இழுத்து வந்திருந்தாள். அம்மா பஸ்ஸிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "மூஞ்சி தெரியாத பாட்டுக்காரனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது."

கதிரவன் கண்ணை மூடி வேறொரு மெட்டுக்குள் குழைந்தான். சவரிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த மெட்டு எனக்குத் தெரியுமே!"

ஜெயராணிக்கு உயிர் வந்தது. "புடிச்சிருக்காப்பா?"

"உங்கம்மா மீன் வறுக்கறப்ப தானா இட்டுக்கட்டி முணுமுணுக்கறதுடி. நம்ம சமையக்கட்டத் தாண்டிப் போனதே இல்ல. இவனுக்கு எப்புடித் தெரியும்?"

ஜெயராணி ஒருநாளும் அவனை வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"எத்தினி நாளா நடக்குது?"

"மூணு மாசமா. பொண்ணு கேட்டு தனியா வந்தான். பசியா இருந்தான், மீன் வறுத்து சோறு போட்டேன். அப்புறம் நீங்க டூட்டிக்குப் போற நாள்ல வருவான்."

"அப்புறம் ஏன் வேணாம்னு குதிச்ச?"

"நான் வேணாம்னாத்தான நீங்க சரிம்பீங்க!"

சவரிநாதன் பெருமூச்சு விட்டார்.

"இனிமே நான் வீட்ல இருக்கறப்பவே வரச் சொல்லு. மூணு மாசமா எனக்கு வால் துண்டுதான் வருது."