சாய்தளத்தில் எடுத்த படம்

"மெதுவா தள்ளு புள்ள. வினோதாவுக்கு வலிக்கப் போகுது," என்றார் சுதாகரன். மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் முகாமையாளர் அவர்.

சக்கர நாற்காலி புதிய சாய்தளத்தில் ஏறியது. சீமெந்து இன்னும் முழுதாகக் காயவில்லை. கொழுந்து எடுக்கும் மலையைப் போலவே அதுவும் செங்குத்தாக இருந்தது. உச்சியில், கதவுக்கு முன்னால், பழைய படி ஒன்று அப்படியே கிடந்தது.

கூட நடந்து வந்த இல்மா, மாற்றுத்திறனாளிகளை வேலைக்குச் சேர்க்கும் முதலாளிமாருக்கு உதவுகிற நிறுவனமொன்றின் அலுவலர். நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வினோதாவை இங்கே அனுப்பியது அவருக்கு முன்பிருந்தவர். அந்தத் தற்காலிக வேலை நிரந்தரமாவதும் இன்றோடு முடிந்துபோவதும் இல்மாவின் கையில் இருந்தது.

நாற்காலியைத் தள்ளி வந்தவள் உச்சியில் நின்று தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கை கால் நல்லா இருக்குற ஒனக்கே இப்பிடின்னா, அந்தப் புள்ள என்னா பாடு படும்?" என்றார் சுதாகரன். இல்மாவுக்குக் கண் கலங்கியது.

படிக்கு வந்ததும் நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். இங்கே எல்லாருமே இப்படி ஒத்தாசைதான் என்று சுதாகரன் விளக்கினார்.

தேயிலைப் பொதி செய்யும் மேசையருகே இல்மா குனிந்து, "வினோதா, இங்க ஒங்கள நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மிஸ்," என்று பதில் வந்தது, நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

சுதாகரன் சிரித்தார். "இவ எப்பவும் இப்பிடித்தான் மிஸ். அவகிட்ட கேட்டா இவ வாயத் தொறப்பா."

பிறகு படங்கள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் சுதாகரனின் கை நாற்காலியின் மேல் இருந்தது. மற்றத் தோட்டத்து முகாமையாளர்களையும் இங்கே அழைத்து வந்து காட்ட வேண்டும் என்றார் இல்மா. வினோதாவின் வேலை இன்றே நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வேன் வளைவில் மறைந்தது. நாற்காலியைத் தள்ளி வந்தவளிடம் திரும்பினார் சுதாகரன்.

"நாற்காலி இருந்தாத்தான் படம் எடுபடும்னு நேத்து சொன்னப்ப மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டியே. இப்ப வேல நிச்சயமாயிருச்சுல்ல? நாற்காலிய சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துறணும்."

அவர் உள்ளே போனதும், நாற்காலியில் இருந்தவள் எழுந்து நின்று பாவாடையை உதறினாள். நாற்காலியை மற்றவள் பக்கம் திருப்பினாள்.

"அதுவரைக்கும் நீங்க ஒக்காருங்க வினோதாக்கா. பொய்க்காலு அழுத்தும்ல."