விமான நிலையத்துச் சிரிப்பு

சுற்றுலாத் துறைக்காகத் தணிகைவேலன் எடுத்த படங்களில் நகரத்துக்குப் பேர் வாங்கித் தந்தது ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் வஞ்சிர மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரிக்கும் செங்கேணியின் படம் அது. விமான நிலையச் சுவரில் அவள் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றாள். வெளிநாட்டார் வரத் தொடங்கியதும், அவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று அந்தச் சாலையோரம் உட்கார்ந்து விற்ற மீன்காரிகளை ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதை முடிவுசெய்த கூட்டத்தில் தணிகைவேலனும் தலையாட்டியிருந்தான்.

ஒரு பிரெஞ்சுத் தம்பதி அந்தப் பெண்ணைப் பார்த்தே தீரவேண்டும் என்றபோது அவன்தான் அழைத்துப் போனான். ஆள் வராத கூடத்தில், உருகும் ஐஸ்கட்டிகளுக்கு முன்னால் செங்கேணி உட்கார்ந்திருந்தாள்.

"உங்களப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்காங்க, செங்கேணிம்மா."

அவள் மறுபேச்சில்லாமல் எழுந்து, கைக்குக் கிடைத்த மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். அவர்கள் மாற்றி மாற்றிப் படமெடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிக் காருக்கு நடந்தார்கள்.

அவள் இன்னும் மீனை இறக்கவில்லை.

"நல்லா சிரிச்சனா சார்? அவங்க ஒரு வார்த்த சொன்னா எங்கள மறுபடி அங்கயே உக்கார வுடுவாங்க, இல்ல?"

தணிகைவேலன் கேமராவின் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.