எண்பத்தைந்து கிலோ ஜோடி

"இன்னாடி நடக்குது இங்க?"

ராஜவேலு போட்ட சத்தத்தில், ஹாலில் இருந்த பத்து ஜோடியும் அப்படியே நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் டான்ஸ் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் "எக்சர்சைஸ் கிளாஸ்" என்று ஹேமாவதி கிளம்பியதை நம்பித் தொலைத்தான். பக்கத்து வீட்டு ஜெகன் காதில் போட்டுவைக்க, இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்தால், கட்டிய மனைவியின் முதுகில் எவனோ ஒரு தடியன் கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கிறான்!

மாஸ்டர் இம்மானுவேல் ஓடி வந்தார்.

"சார், இது காண்டாக்ட் டான்ஸ். ஸ்டெப்னு எதுவும் கிடையாது. ஒருத்தர் சாய்வாங்க, இன்னொருத்தர் தாங்குவாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? ஊரான் பொண்டாட்டி மேல சாயறதுக்குப் பேரு டான்ஸா?"

தடியன் சங்கடத்தோடு விலகி நின்றான். பெயர் கோபாலாம். இந்த உடம்புக்கு டான்ஸ் ஒரு கேடு! ராஜவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தினி பொம்பளைங்க இருக்காங்களே, உனக்கு இவன்தான் கெடைச்சானா?"

"நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றாள் ஹேமாவதி, துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"ஆமா சார்" என்று மாஸ்டர் எண்ணெய் ஊற்றினார். "எல்லாரும் ஒல்லியான பார்ட்னர்தான் கேப்பாங்க. இவங்கதான் மொத நாளே, இருக்கறதுலயே வெயிட்டான ஆள் வேணும்னாங்க. அதுவும் கைகாலைத் தொங்கப் போட்டுக்கினு விழணுமாம்."

"கேட்டு வேற வாங்கினியா? கம்பெனில எவனாவது பார்த்தான்னா என் மரியாதை இன்னா ஆவறது? பேஜாரு புடிச்சவளே, ஊட்டுக்கு நட. இனிமே இந்தப் பக்கம் கால் வெச்சே, காலை ஒடச்சுடுவேன்!"

அதுவரை பொறுத்தவள், விறுவிறுவென்று அவனிடம் வந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தணித்தாள்.

"கோபால் அண்ணன் எண்பத்தஞ்சு கிலோ. நீயும் அதே எண்பத்தஞ்சுதான்."

"அதுக்கு?"

"சனிக்கெழமை ஆனா குடிச்சிட்டு கீழ வாசல்ல விழுந்து கெடக்கறியே... அக்கம்பக்கத்துல ஒருத்தர் கண்ணுல படாம, உன் மரியாதைய ரெண்டு மாடி தூக்கினு போவணும்ல, என் இடுப்பு ஒடையாம!"