நாற்பதாவது கையெழுத்து

"கார் நிறுத்த இடம் போயிடும் சார். நடைபாதையே வேண்டாம்னு நாப்பது வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டேன்." தெருக்காரர்கள் கூட்டத்தில் வக்கீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனுவை நீட்டினார்.

நகராட்சி என்ஜினியர் கடைசிக் கையெழுத்தைப் பார்த்தார். "மூலை வீட்டுக்காரருமா? நடைபாதை கேட்டு எங்க ஆபீசுக்கு நடையா நடந்தவராச்சே!"

"மனசு மாறிட்டார் சார்."

அப்போது வாசலில் 'டக் டக்' என்று சத்தம். வெள்ளைக் கம்பால் தரையைத் தட்டித் தட்டி வழி பார்த்துக்கொண்டு மூலை வீட்டுக்காரரே உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும், ரோட்டுல வண்டிங்க வழி விடலை. முதல்ல நம்ம வக்கீல் சாருக்கு எல்லாரும் கைதட்டுங்க! நடைபாதை கேட்டு மனு எழுதி, வீடு தேடி வந்து, என் கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட வச்சாரே!"

அவர் மட்டும் தட்டினார்.

அந்த அறையில் தன் முகத்தைப் பார்க்க முடியாத ஒரே மனிதர் முன்னால், வக்கீலுக்குத் தலை நிமிரவில்லை.