நிறுத்தி வைத்த ஃபேன்

அவள் எக்கி சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் ஒருமுறை முனகியது. பிறகு உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

சுவரில் பதித்த எக்ஸாஸ்ட் ஃபேன். மழைக்காலத்துக்கு முன்னால் நிறுத்தியது. இறக்கையில் அப்பியிருந்த தூசி எல்லாம் அவள் தலையில் கொட்டியது.

கொட்டட்டும்.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

அந்த ஹாலில் மெஷின் கிடையாது. வெறும் பெண்கள். ஷூவின் சோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. திறந்த டப்பாவில் சொல்யூஷன், அதை இளக்கத் தின்னர். வாடை மூக்கில் ஏறி மண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே இழுக்கத்தான் அந்த ஃபேன்.

அதைத்தான் நிறுத்தினார்கள். எதற்காம்? இந்தப் பெண்களின் காது கெடாமல் இருக்கவாம்!

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள், சத்தம் அளக்கிற கருவியோடு வந்தான். இந்த ஹாலில் அது சிவப்பு காட்டியது. ஃபேனை அணைத்தார்கள். பச்சை காட்டியது. காதுக்குப் பாதுகாப்பான இடம் என்று வாசலில் போர்டு மாட்டி, கைதட்டி, போட்டோ எடுத்து, சமோசா தின்றுவிட்டுப் போனார்கள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கொளுத்தினவன் வேறு, குடியிருக்கிறவள் வேறு.

ஒருநாள் அவளுக்குக் குக்கர் விசில் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பருப்பு கருகி, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அணைத்தாள்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டரம்மா காதைச் சோதித்துவிட்டுச் சொன்னார். சத்தம்தான் காதைக் கெடுக்கும் என்றில்லை. தின்னர் ஆவியும் கெடுக்கும். போனது போனதுதான். மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்.

மிச்சம்! ஏதோ பாத்திரத்தில் ஒட்டிய சோறு மாதிரி.

மேனேஜர் வரதராஜனிடம் போய் நின்றாள். ஃபேனைப் போடச் சொன்னாள். ஹாலில் இன்னும் சிலபேர் எதையும் இரண்டு தடவை கேட்கிறார்கள் என்றாள். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார்.

"மெஷினே இல்லாத ஹால்ல காது எப்படிம்மா போகும்? மாமியார் திட்டறது கேக்கக் கூடாதுன்னு வேஷம் போடறியா?"

டிராயரைத் திறந்து, காதில் அடைக்கிற ஸ்பாஞ்சுத் துண்டு இரண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். வாடைக்கு ஸ்பாஞ்சு! அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

நேற்று சாப்பாட்டு வேளையில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். நாளைக்கு நான் ஃபேனைப் போடுவேன். அந்த ஆள் வந்து கத்துவான். ஒருத்தியும் திரும்பக் கூடாது. நம்ம காது நல்லா இருக்குன்னானே, தொண்டை கிழியக் கத்தட்டும்.

பக்கத்து ஸ்டூல் ரோஸ்லின் சோற்றுக் கையாலேயே சத்தியம் செய்தாள்.

இதோ, வரதராஜன் வந்துவிட்டார்.

முதல் காரியமாக ஃபேனை அணைத்தார். ஹால் கப்சிப்பென்று அடங்கியது.

"யார் போட்டது?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தலையும் திரும்பவில்லை.

கத்தினார். பேர் சொல்லிக் கத்தினார். கதவை ஓங்கி அறைந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கத்துடா. நல்லாக் கத்து.

பிறகு ஒன்றும் இல்லை. போய்விட்டாரோ?

"பாம்பு! ஸ்டூலுக்குக் கீழே பாம்பு!"

அவ்வளவுதான். ஐயோ அம்மா என்று ரோஸ்லின் துள்ளினாள். ஸ்டூல் உருண்டது. ஒருத்தி மேஜை மேலேயே ஏறிவிட்டாள். திட்டம் போட்ட அவளுக்கே இரண்டு காலும் தானாக எழும்பிவிட்டன. காலுக்கு என்ன தெரியும் வீறாப்பு?

பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. வாசலில் வரதராஜன் இடுப்பில் கைவைத்து நின்றார். மூஞ்சி கொள்ளாத இளிப்பு.

ரெண்டு மூன்று பேர் சிரித்தும் தொலைத்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. இனி இந்த ஜென்மத்தில் ஃபேன் சுற்றாது.

திரும்பி அவரை முறைத்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. இளிப்பு பாதியில் நின்றிருந்தது. ஜன்னலோரக் கடைசி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே தில்ஷாத். தின்னர் கேனைத் திறந்து எல்லோருடைய டப்பாவிலும் ஊற்றிக் கொடுப்பவள். ஒரு காலத்தில் ஹாலையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த வாயாடி. கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்திருந்தாள்.

தில்ஷாத்தின் கால்கள் தரையிலேயே இருந்தன.

"பாருடி, இவதான் சொன்ன சொல்லு தவறாதவ" என்று ரோஸ்லின் கிசுகிசுத்தாள்.

அவள் தில்ஷாத்தின் முதுகையே பார்த்தாள்.

நேற்று தில்ஷாத் லீவு. தில்ஷாத்திடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை.

தில்ஷாத் பிரஷ்ஷைத் தோய்த்தாள். அடுத்த சோலை எடுத்தாள்.