வாக்ஓவர்

"வாக்ஓவர்னா எதிராளி வராததால கிடைக்கிற வெற்றி. ஆடி ஜெயிச்சதுக்கு இல்ல, சும்மா வந்து நின்னதுக்கு" என்று மருந்து வாங்க வந்த நர்ஸிடம் விளக்கினார் ஃபார்மசிஸ்ட்.

"அப்ப நாளைக்கு ஃபைனல் நீங்க ஆடலையா?"

"முழங்கால் வலிம்மா. காலைக் கீழே ஊன முடியல. கப்பை அந்த எக்ஸ்ரேப் பையனே வாங்கிக்கட்டும். ஆனா வாக்ஓவர்னு சொல்லித்தான் கொடுக்கணும்."

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. எரிந்தது வயிறுதான்.

ஆஸ்பத்திரி ஊழியர்களின் ஷட்டில் போட்டியில் வருஷா வருஷம் கப் அவருக்குத்தான். இந்த முறை, புதிதாக வந்த எக்ஸ்ரே டெக்னீஷியன் ஆடியதைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தூக்கம் போய்விட்டது. போன வருஷம் தனக்குக் கைதட்டிய அதே ஆட்கள் அவனுக்குத் தட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஃபைனலில் தோற்றால் மானம் போகும். வாக்ஓவர் என்றால் அவன் ஜெயித்ததாகவும் இருக்காது, இவர் தோற்றதாகவும் இருக்காது.

மத்தியானத்துக்குள் வாட்ச்மேன் முதல் கேன்டீன்காரர் வரை அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஆளே இல்லை.

போட்டியை நடத்தும் பெரிய டாக்டரம்மா காதுக்கும் விஷயம் போனது.

"இவ்வளவு வலியோட நாள் முழுக்க நின்னுட்டு இருக்கீங்களா? முதல்ல போய் எக்ஸ்ரே எடுங்க."

மறுக்க முடியுமா? நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தார்.

அந்த எக்ஸ்ரேப் பையன்தான் ஒரு படம் எடுத்தான். பக்கவாட்டில் இன்னொன்று எடுக்க முழங்காலை மடக்கினான். அவர் முனக மறந்துபோனார்.

அவன் திரையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

அதற்குள் டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"எலும்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

ஃபார்மசிஸ்ட் சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மாட்டிவிட இதைவிட நல்ல சமயம் அவனுக்குக் கிடைக்காது.

"தொட்டாலே துடிக்கிறார் டாக்டர். தசைப் பிடிப்பா இருக்கும், அது படத்துல தெரியாதுல்ல. ஃபைனலை அடுத்த வாரம் வச்சுக்கலாமா? அண்ணன்கூட ஆடணும்னுதான் இதுல சேர்ந்தேன். வாக்ஓவர் எனக்கு வேண்டாம்."

"சரிப்பா, அப்படியே செய்யலாம்" என்று டாக்டரம்மா வெளியே போனார்.

விட்டால் போதும் என்று ஃபார்மசிஸ்ட் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலேயே விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

அவன் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, டாக்டரம்மா வராண்டாவுலதான் நிக்கிறாங்க. கொஞ்சம் நொண்டிக்கிட்டே போங்க."