தைத்த பிறகே துவைக்கவும்

மூட்டையை அவிழ்த்ததும் அவள் தேடியது, கழுத்துப்பட்டையின் உள்ளே சிவப்பு நூலால் தைத்த முந்நூற்று ஆறு என்ற எண்ணைத்தான்.

அது சின்னவனின் எண்.

துப்பாக்கி சுட்டவனின் வலது கைப்பட்டியில் வெடிமருந்து வாடை அடிக்கும். காவல்படையின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேற்று சதுக்கத்தில் சுட்டார்கள். விரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஜனங்களைச் சுட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தான் பெற்றவனும் சுட்டானா? அவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

பெரியவளும் அங்கே உட்கார்ந்தவள்தான். போன வாரம் அள்ளிக்கொண்டு போய் ஜெயிலில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. சும்மா உட்கார்ந்தால் அரசாங்கம் பயந்து ஓடிவிடுமா என்று அவன் கேலி செய்தான். முன்னால் நாங்கள் நிற்கிறோம், எங்களுக்குப் பின்னால் கைத்துப்பாக்கியோடு அதிகாரிகள் நிற்கிறார்கள், உங்களை யார் சட்டை செய்யப் போகிறார்கள் என்றான்.

"அரசாங்கம் கெடக்கட்டும்டா," என்றாள் பெரியவள். "எதிர்ல நிக்கிறவங்கள்ல ஒருத்தன் துப்பாக்கிய இறக்கினாப் போதும்."

அவன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துபோனான்.

முந்நூற்று ஆறு கிடைத்துவிட்டது. மடிப்பைக்கூடப் பிரிக்காமல் கைப்பட்டியை மூக்கருகே கொண்டுபோனாள்.

வியர்வை. அவன் அப்பிக்கொள்ளும் மலிவு பவுடர். வேறொன்றும் இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த தொட்டிக்காரி எதற்குத் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

பிறகு சட்டையை உதறினாள்.

துணியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரம் கருகி, சுற்றிலும் காய்ந்து விறைத்திருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது மேற்பார்வையாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். அந்த மூட்டை தனி மூட்டை என்றார். சதுக்கத்தில் இருந்த கலகக்காரர்கள் பதினேழு காவலர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம், ரேடியோவே சொல்லிவிட்டதாம். எண்ணைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, துவைத்துக் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆட்கள் சட்டைக்குக் காத்திருக்கிறார்கள்.

விசிலுக்கு எண்கள்தான் தெரியும். எந்த எண்ணை யார் பெற்றாள் என்பது தெரியாது.

அவளுக்கு அழுகை வரவில்லை. மிச்சமிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள், ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒரு கைப்பட்டியிலும் மருந்து வாடை இல்லை.

ஒருத்தன் போதும் என்றாளே பெரியவள். பதினேழு பேர்.

தொட்டிக்கு மேலே சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது: கிழிந்ததைத் தைத்த பிறகே துவைக்கவும். பத்தொன்பது வருஷமாக அவள் அதை மீறியதில்லை. இன்று ஊசியைத் தொடவில்லை. நேரே தண்ணீரில் முக்கினாள். சின்னவனின் சட்டையைக் கடைசியாக, மெதுவாகக் கசக்கினாள்.

வாளியோடு மொட்டைமாடி ஏறினாள். கொடிகள் கடைத்தெருவைப் பார்த்தபடி இருக்கும். சட்டைகளைப் பித்தான் பக்கம் தெருவுக்குத் தெரிகிற மாதிரிதான் காயப்போட வேண்டும். சீருடையின் நெஞ்சைப் பார்த்து ஜனங்களுக்கு மரியாதை வர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

அவள் பதினேழையும் திருப்பிப் போட்டாள்.

கீழே முதலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. பிறகு சைக்கிள்கள் நின்றன. பிறகு தெருவே நின்றது.

படிக்கட்டில் விசில் சத்தமும், அதன் பின்னால் பூட்ஸ் சத்தமும் ஏறி வந்தன. அவள் ஓடவில்லை. கொடிக்குக் கீழே ஈரத் தரையில் உட்கார்ந்து, கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு சட்டையிலும் குண்டு முதுகுப் பக்கமாகத்தான் நுழைந்திருந்தது.